வீட்டில் திட்டு வாங்கித்தந்த பெடல்கள்: உங்கள் அனுபவம் என்ன?

புக்கிட் பாத்தோக் கம்பிக்காரன்

கிட்டார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல்களில் ஓவர்டிரைவ், டிலே, ரிவெர்ப் மூன்றும் எல்லோரிடமும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசி அலுத்துவிட்டது. "இதை எதற்கு வாங்கினாய்?" என்று வீட்டில் கேட்க வைத்த பெடல்களைப் பற்றி எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஃப்ரீஸ். ஒரு திருகு, ஒரு சிறு விசை, ஒரு மிதி, அவ்வளவுதான். மிதிக்கும் கணத்தில் ஒலித்துக்கொண்டிருப்பதை அப்படியே பிடித்து நிறுத்தும்; அதன்மேல் நாம் தொடர்ந்து வாசிக்கலாம். சிங்கப்பூரின் பெனின்சுலா கடைத்தொகுதியில் இதை முயன்றுபார்த்தபோது, மேகம் மிதப்பதுபோன்ற ஒலிகளை எழுப்பிக் காட்டினார் கடைக்காரர். எனக்கு அது சுருதிப்பெட்டியாகத்தான் கேட்டது.

சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டிப் பிடித்துக்கொண்டால் மோகனமோ சுத்த சாவேரியோ மணிக்கணக்கில் வாசிக்கலாம். ஆனால் மீட்டிய உடனே மிதிக்காதீர்கள். பிளெக்ட்ரம் கம்பியில் உரசும் சத்தமும் சேர்ந்து உறைந்துவிடும், பிறகு கரகரப்பு தீராது. மீட்டி, ஒரு மூச்சு விட்டு, ஒலி தெளிந்தபின் மிதியுங்கள். பஞ்சமக் கம்பியை டியூனரை நம்பிக் கூட்டாமல் காதால் கூட்டுங்கள். தூய பஞ்சமம் டியூனர் காட்டும் இடத்தைவிட 2 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) மேலே இருக்கிறது. ஒரு கணம் மட்டும் ஒலிக்கும்போது அந்த வேறுபாடு தெரியாது. நிலைத்து நிற்கும்போது மெல்லிய அலையாக உறுத்தும்.

குறையும் உண்டு. தம்புராவில் கம்பிக்கடியில் வைக்கும் ஜீவாளி நூலால் ஒலி உயிரோடு அசைந்துகொண்டே இருக்கும். ஃப்ரீஸ் பிடித்தது அசையாது. பின்னால், ஒலியை அலைபோல் சுழலவைக்கும் ஃபேஸர் பெடல் ஒன்றை மிக மெதுவாக ஓடவிட்டால் கொஞ்சம் உயிர் வருகிறது. வாசிப்பிலும் அந்தச் சாயல் ஏறும் என்பது உண்மைதான், எனக்கு அது பிடித்தே இருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி கதவைத் தட்டி, "இன்று பூஜையா?" என்று கேட்டார். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

தெம்பனிஸ் ஏழாம் கம்பி

என் கதை ரிங் மாடுலேட்டர். எம்ஆர்டி நிலைய வாசலில் கைமாறிய பழைய பெடல். விற்ற இளைஞர் முகத்தில் அத்தனை நிம்மதி!

உள்ளே ஓர் அலையியற்றி இருக்கிறது. நாம் வாசிக்கும் அதிர்வெண்ணையும் அதன் அதிர்வெண்ணையும் கூட்டியும் கழித்தும் வெளியே தருகிறது. 440 ஹெர்ட்ஸ் வாசித்து, உள்ளே 100 ஹெர்ட்ஸ் வைத்திருந்தால் 540உம் 340உம் வரும். இவை சுர வரிசையில் அடங்காதவை. உடைந்த கோயில் மணிபோல் கேட்கும். முதல் வாரம் முழுவதும் அந்த மணிதான்.

பிறகு திருகை என் சட்ஜமத்துக்கே கொண்டுபோய் வைத்தேன், 220 ஹெர்ட்ஸ். பஞ்சமம் 330. கூட்டினால் 550, அதாவது மேல்ஸ்தாயி அந்தர காந்தாரம். கழித்தால் 110, கீழ்ஸ்தாயி சட்ஜமம். ஒற்றைப் பஞ்சமத்தை மீட்டினால் இவ்வளவும் முழங்குகிறது! மற்ற பல சுரங்களுக்குப் போனால் மறுபடியும் உடைந்த மணிதான். அதனால் சஞ்சாரம் முழுவதையும் பெடல் இல்லாமல் வாசித்துவிட்டு, பஞ்சமத்தில் நிற்கும்போது மட்டும் மிதிப்பேன். கமகம் கொடுத்தால் இன்னும் வேடிக்கை: கம்பியை மேலே இழுக்க இழுக்கக் கூட்டல் ஒலியும் கழித்தல் ஒலியும் சேர்ந்தே ஏறும், ஆனால் விகிதம் சிதறிவிடும். யாரும் கேட்காத நேரத்தில் செய்துபாருங்கள்.

ஈசூன் ஃபஸ் அக்கா

தெம்பனிஸ் அண்ணாவின் கணக்கு அருமை. நான் வெயில் கதை சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது, ஒலியை உறுமலாக உடைக்கும் ஃபஸ் பெடல்களில் ஃபஸ் ஃபேஸ் வகை, ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்டது. 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த அந்த வட்டப் பெடலின் சுற்றமைப்புதான். குளிரூட்டிய பயிற்சி அறையில் தேன். கிட்டாரின் ஒலித் திருகைக் கொஞ்சம் குறைத்தால் உறுமல் அடங்கித் தெளிந்துவரும். சமூக மன்றத் தீபாவளி விழாவுக்குத் திறந்தவெளி மேடை போட்டிருந்தார்கள், மாலை நான்கு மணிக்கு ஒலிச்சோதனை. பெடல்கள் வைத்த கறுப்புப் பலகையில் வெயில் படப்பட, சுரங்கள் பாதியிலேயே திக்கத் தொடங்கின. ஒலிப்பதிவாளர் கேபிளை மாற்றினார், பிறகு ஆம்ப்பை மாற்றினார். கேபிளும் ஆம்ப்பும் பாவம், என்ன செய்யும்? ஜெர்மானியத்தில் சூடு ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் கூடும், டிரான்சிஸ்டரின் இயங்குநிலை நகர்ந்துவிடும். ஐஸ் மைலோ வாங்கிவந்து அந்தக் கோப்பையைப் பெடலின் அருகில் வைத்தார் எங்கள் தபேலாக்காரர். சிரித்தேன், ஆனால் நிழலுக்கு மாற்றிச் சற்று ஆறியபின் ஒலி திரும்பியது.

இந்த ஊரில் ஜெர்மானியம் வாங்குகிறவர்கள், வெளியே பயஸ் திருகு (இயங்குநிலையைச் சரிசெய்யும் திருகு) இருக்கும் பெடலாகப் பாருங்கள். வெளி மேடைக்குச் சிலிக்கான் ஃபஸ் எடுத்துப்போகிறேன். ஒலி கொஞ்சம் முரடு, ஆனால் வெயிலுக்கு அசையாது.

பிடோக் சந்தேகி

எல்லாம் சரி. என் ஒலியை உண்மையில் மாற்றியது எந்த மாயமும் செய்யாத பஃபர் பெடல்; கிட்டாரின் ஒலி நீளக் கேபிளில் தேயாமல் போய்ச்சேர உதவுவதே அதன் வேலை. சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்கம் சேரும். மேடையில் நீளக் கேபிள், அதோடு ட்ரூ பைபாஸ் பெடல்களின் (அணைத்திருக்கும்போது ஒலியை அப்படியே கடத்திவிடுபவை) வரிசை என்றால் உச்ச ஒலிகள் எல்லாம் வழியிலேயே தேய்ந்துவிடுகின்றன. வரிசையின் தொடக்கத்தில் ஒரு பஃபர் வைத்ததும் கம்பியின் பளபளப்பு திரும்பி வந்தது. மின்மினி விளக்குகளோ பெயரோ இல்லாத சிறு பெட்டி, அதனால் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

ஈசூன் ஃபஸ் அக்கா

ஆனால் பஃபரை ஃபஸ்ஸுக்கு முன்னால் வைத்துவிடாதீர்கள் அண்ணா! இந்த வகை ஃபஸ் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கிட்டாரின் பிக்கப்போடு நேரடியாக இணையவே விரும்பும். நடுவே பஃபர் வந்தால் ஒலி கீச்சிடும், திருகைக் குறைத்தாலும் தெளியாது. முதலில் ஃபஸ், அதன் பின்னால் பஃபர்.

புக்கிட் பாத்தோக் கம்பிக்காரன்

அக்கா, அந்த ஜெர்மானியம் பெடலை மற்றவற்றோடு ஒரே அடாப்டரில் மாட்டலாமா?

ஈசூன் ஃபஸ் அக்கா

உள்ளே இருப்பது பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் என்றால் பெரும்பாலும் நேர்முனைதான் தரையிணைப்பு. மற்ற பெடல்களில் எதிர்முனை. ஒரே அடாப்டரிலிருந்து பிரியும் கம்பியில் இரண்டையும் மாட்டினால் குறுக்குச்சுற்று ஆகிவிடும். 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். இது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, பல மாதங்கள் வரும். வாசித்து முடித்ததும் கேபிளை மட்டும் கழற்றிவிடுங்கள், செருகியே இருந்தால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.