சுரேக்கி: உங்களுக்கு மறக்காத ஒரு ஈஸ்டர்?

தெசலோனிக்கி_மாணவன்

சுரேக்கி, அதான் கிரேக்கர்கள் ஈஸ்டருக்குச் சுடும் இனிப்புப் பின்னல் ரொட்டி, இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரப் பாட்டி பெரிய வியாழன் அன்றுதான் சுடுவார். முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவதும் அன்றைக்கே. ஜன்னல் எல்லாம் சாத்தி, மாவுச் சட்டி மேல் கம்பளி போர்த்தி வைத்திருந்தார். நான் கதவைத் திறந்தபடி நின்றதற்கு ஒரு சத்தம் போட்டார். அதெல்லாம் சரி.

என்னை விடாதது வேறு. பாட்டி தவக்கால விரதத்தில் இருந்தார். சனி நள்ளிரவில் "கிறிஸ்தோஸ் அனேஸ்தி" (கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்) பாடும்வரை முட்டை, பால், வெண்ணெய் எதுவும் வாயில் படக்கூடாது. சுரேக்கியிலோ இந்த மூன்றும்தான் சரக்கே. விரலில் ஒட்டிய மாவைக்கூட நக்காமல் துணியில் துடைத்துக்கொண்டார். வெந்து ஆறியதும் ஒரு பின்னலின் ஓரத்தைப் பிய்த்து, நூல்நூலாகப் பிரிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் அந்தத் துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். இனிப்பு போதுமா, மஹ்லெப்பி என்கிற வாசனைப் பொருள் தூக்கலா, எல்லாம் என் மூஞ்சியில்தான் அவருக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்த கிரேக்கம் நாலு வார்த்தை. "நன்றாக இருக்கிறது" என்றேன். நம்பவில்லை. இன்னொரு துண்டு பிய்த்துக் கொடுத்து மறுபடியும் பார்த்தார்!

கடலோடி_தூத்துக்குடி

2020 ஏப்ரல் 19, கிரேக்கர்களின் ஈஸ்டர். பிரேயஸ் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தோம். கரோனா, யாரும் கரை இறங்க முடியாது. ஏஜென்ட் அனுப்பிய படகில் காய்கறியோடு ஒரு பெட்டி சுரேக்கியும் வந்தது, நடுவில் சிவப்பு முட்டை பதித்தது. எங்கள் சீஃப் குக் அண்ணன் ஊரில் மக்ரூன் போட்ட கை. எதைக் கொடுத்தாலும் ஒரு வாய் தின்று, உள்ளே என்னென்ன என்று சொல்லிவிடுவார். "ஏலக்காய் இருக்குடா. இன்னொண்ணு இருக்கு, பிசின் மாதிரி. அப்புறம் லேசா ஒரு கசப்பு…" அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டார். பாதி ரொட்டி தீர்ந்துவிட்டது, அந்தக் கசப்பு எதுவென்று பிடிபடவில்லை. அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! நள்ளிரவில் சுற்றிலும் நின்ற கப்பல்கள் எல்லாம் சங்கு ஊதின, அண்ணன் அப்போதும் மிச்சத் துண்டை முகர்ந்துகொண்டிருந்தார்.

கிப்செலி_பேக்கரி

பாட்டி ருசி பார்க்காமல் சுட்டதில் என்ன அதிசயம் தம்பி? ஏதென்ஸில் நான் வேலை பார்த்த பேக்கரியில் மாஸ்டரும் அப்படித்தான். பெரிய வாரம் முழுக்க மலை மலையாகச் சுடுவார், ஒரு துணுக்கு வாயில் போட மாட்டார். தராசு இருக்கும்போது நாக்கு எதற்கு?

சுட நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. நூல்நூலாக வருவது கைராசி இல்லை. புரதம் கூடின மாவு வேண்டும். அங்கே கடையில் சுரேக்கி மாவு என்றே தனியாக விற்கிறார்கள். 1 கிலோ மாவுக்குச் சர்க்கரை 300 கிராம், வெண்ணெய் 200 கிராம், முட்டை 5, பால் கால் லிட்டர். வெண்ணெயை முதலிலேயே கொட்டாதீர்கள். மாவு இழுபடும்வரை பிசைந்த பிறகு, கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பால் விரல் பொறுக்கும் சூட்டைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். இவ்வளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தால் மாவு மெதுவாகத்தான் எழும்பும், அவசரப்பட்டு அடுப்பில் தள்ளக்கூடாது. மஸ்திஹா என்கிற மரப்பிசினை ஃப்ரீசரில் வைத்து எடுத்து, ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு இடியுங்கள். அப்படியே இடித்தால் உரலில் ஒட்டிக்கொள்ளும், சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மஸ்திஹா நாலைந்து சின்ன மணிகள் போதும். மஹ்லெப்பியைப் பொடியாக வாங்காதீர்கள், பழைய பொடி காறும். 170 டிகிரி, அரை மணிக்குக் கொஞ்சம் மேலே. மேலே பூச மஞ்சள் கருவும் பாலும்.

கியோஸ்_போய்வந்தவள்

நாலைந்து மணியா! கியோஸ் தீவின் பிர்கி ஊரில் வாசலில் உட்கார்ந்து கத்திமுனையால் மஸ்திஹா மணியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, எண்ணாமல் ஒரு சிட்டிகை அள்ளிப் போடுவதாகச் சைகையில் காட்டினார். வேலை நிற்கவே இல்லை. ஒவ்வொரு மணியும் கண்ணீர்த் துளி அளவுதான். தீவின் தெற்குப் பக்கத்து ஊர்களில் மட்டும் கோடையில் மரப்பட்டையைக் கீறிச் சொட்டவிட்டு எடுக்கிறார்கள். அந்தச் சாகுபடி முறையை 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் இந்தப் பொறுமைக்காகத்தான் என்று எனக்குப் பட்டது. தராசு பேச்சைப் பேக்கரியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்_சுதா

நான் ஏதென்ஸில பிள்ளை பார்க்கிற வீட்டில நடந்தது. ஈஸ்டருக்கு ஞானத்தாய் பிள்ளைக்கு மெழுகுதிரியும் சுரேக்கியும் கொண்டுவந்தா, பக்கத்து வீட்டிலயிருந்து ஒன்று, மாமியாரிட்டயிருந்து ஒன்று. மாமியாரின்ர பாண் விறைச்சுப் போச்சு. வீட்டு அக்கா அதை அலுமாரிக்குள்ள வைச்சிட்டு, பக்கத்து வீட்டாளின்ரயை வெட்டி மேசையில வைச்சா. மாமியார் வந்தா, இருந்தா, பெருவிரலால ஒரு அமத்து அமத்தினா. பாண் உள்ள போய்த் திரும்பி எழும்பிச்சு. "இது என்ர இல்லை" எண்டு சொல்லிப்போட்டு ரெண்டு துண்டு சாப்பிட்டா. அக்கா என்னைப் பார்க்கிறா, நான் பிள்ளையைப் பார்க்கிறன்.

சமையல்_ரசிகை

நான் கிரீஸ் போனதில்லை. ஆனால் மஹ்லெப்பி கிடைக்காதவர்கள் பாதாம் எசன்ஸ் நாலு சொட்டு விடலாம், மஸ்திஹாவுக்குப் பதில் வெனிலா. முட்டை சேர்க்காதவர்கள் தயிர் ஊற்றிப் பிசையுங்கள். சாதாரண மைதாவே போதும். பின்னல் வராவிட்டால் கேக் டின்னில் போட்டுச் சுடலாம், குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

கிப்செலி_பேக்கரி

அம்மா, அதற்குப் பெயர் வெனிலா கேக். பாதாம் எசன்ஸாவது கிட்டத்தட்ட, ஒப்புக்கொள்கிறேன். மற்றது எதுவும் இல்லை.

தெசலோனிக்கி_மாணவன்

@கடலோடி, உங்கள் அண்ணனுக்குப் பிடிபடாத கசப்பு மஹ்லெப்பிதான். ஒரு காட்டுச் செர்ரிக் கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பை இடித்துப் போடுவார்கள்.

கடலோடி_தூத்துக்குடி

வாட்ஸாப்பில் அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். "செர்ரிக் கொட்டைதானே, நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்கிறார். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன்.