நந்தினிக்கும் சேந்தன் அமுதனுக்கும் சான்று உண்டா?

கேள்வி – பழையாறை வாசகி

அனைவருக்கும் வணக்கம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த, கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலை அண்மையில் மீண்டும் படித்து முடித்தேன். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை வரலாற்றில் நடந்த ஒன்று என்பதால், அவனை அவ்வளவு தூரம் அலைக்கழித்த ஒரு பெண்ணும் இருந்திருக்க வேண்டும், அவள் பெயர் மட்டும் திட்டமிட்டு மறைக்கப்பட்டுவிட்டது என்று வாசகர் பலர் வாதிடுகிறார்கள். நாவலில் அப்பெண்ணாக வரும் பழுவூர் இளையராணி நந்தினிக்குச் சான்று ஏதேனும் உண்டா? நாவலில் வருவதுபோல், எளிய இளைஞனாக வளர்ந்த சேந்தன் அமுதனே உத்தம சோழன் என்ற அரசனாக முடிசூடினான் என்பதற்கு வரலாற்றில் இடம் இருக்கிறதா?

மறுமொழி – ஏடும் கல்லும்

அம்மா, நந்தினிக்குச் சான்று இல்லை. ஆனால், முழுக் கற்பனை என்று பலரும் எண்ணும், நாவலின் சதிகாரன் ரவிதாஸனுக்கு உண்டு. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள, உடையார்குடிக் கல்வெட்டு என்று வழங்கப்படும் சாசனம், இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' சோமன், அவன் தம்பி ரவிதாஸனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரை அது பெயர் சொல்லியே குறிக்கிறது. நாவலில் நள்ளிரவுக் காட்டில் ஆந்தையைப் போலக் குரல் கொடுக்கும் மந்திரவாதி, கல்வெட்டில் பிராமண உயர் அதிகாரிகளுக்கு அரசர் வழங்கும் பட்டத்தைத் தாங்கியவனாக நிற்கிறான். 'இருமுடிச்சோழ' என்பது சோழப் பட்டம் என்பதால், கொலையாளிகளில் ஒருவனாவது சோழ அரசிடமே பதவி வகித்தவன் என்று கொள்ள இடமிருக்கிறது. எனக்கு இது நாவலின் சதியைவிட அச்சமூட்டுவதாகவே படுகிறது.

அந்தக் கல்வெட்டில் உள்ள ஆணை, கொலையாளிகள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரின் நிலத்தைப் பறிமுதல் செய்வது பற்றியது. பெண் கொடுத்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள் என்று உறவுகளைத் தேடித் தேடி அடுக்கும் அதில், பாண்டிய அரசியோ பழுவூர் இளையராணியோ இல்லை. நிலக் கணக்கில் நந்தினிக்கு இடமில்லாமல் போயிருக்கலாம் என்று நீங்கள் கேட்டால், அந்த மறுப்பு நியாயமானதே. ஆயினும் ஓர் ஆவணத்தின் மௌனத்தை மட்டுமே கொண்டு ஒருத்தியை வரலாற்றுக்குள் கொண்டுவந்துவிட முடியாது.

மறுமொழி – குடந்தைக்காரன்

நாவலின் கதாநாயகன் வந்தியத்தேவனையும் கல்வெட்டுச் சான்று உள்ளவர்களின் வரிசையில் சேர்க்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசனின் தமக்கை குந்தவையார் 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்று குறிக்கப்படுகிறார். கதாநாயகனின் இளமை முழுவதையும் கல்கி அந்தச் சிறு தொடரின் மேல்தான் கட்டினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவர்மீது எனக்கு மரியாதை கூடுகிறது. பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் அவருடைய படைப்புகள். ஆழ்வார்க்கடியானின் தலைவரான அமைச்சர் அநிருத்தப் பிரமராயரோ அன்பில் செப்பேடுகளில் இருக்கிறார்.

மறுமொழி – மேலப்பழுவூர் மருமகள்

பழுவூர்ச் சிற்றரசர்களான பழுவேட்டரையர்களின் கல்வெட்டுகள் எங்கள் ஊர்க் கோயிலிலேயே இருக்கின்றன. சோழ மன்னன் முதற் பராந்தகனே பழுவேட்டரையர் மகளை மணந்தவன் என்று அன்பில் செப்பேடு கூறுவதால், அக்குடிப் பெண்களுக்கு அரண்மனையில் செல்வாக்கு இருந்திருக்கும். நந்தினி என்ற பெயரில் இல்லாவிட்டாலும், அரசியலில் ஈடுபட்ட ஒரு பழுவூர்ப் பெண் இருந்திருக்க முடியாது என்று சொல்வதும் மிகையே என்பது என் கருத்து.

மறுமொழி – ஏடும் கல்லும்

அதை மறுக்க மாட்டேன், அம்மா. ஆனால் அவளை நந்தினி என்று அழைக்க நமக்கு ஆதாரம் போதாது. சேந்தன் அமுதன் பற்றிய கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டிருந்தேன். சோழ அரசி செம்பியன் மாதேவியாரின் கல்வெட்டுகள் அவரை 'உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த' (அதாவது பெற்றெடுத்த) பிராட்டியார் என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆள்மாறாட்டம் எதுவும் நடக்கவில்லை என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவார்கள். எனினும், நாவலின்படி முடிசூடும் சேந்தன் அமுதன்தான் அவர் பெற்ற மகன் என்பதால், அந்தத் தொடர் நாவலோடும் பொருந்திவிடுகிறது. கல்வெட்டுக்கு முரணாகாத இடமாகப் பார்த்தே கல்கி அந்த முடிச்சைப் போட்டிருக்கிறார் என்று நான் நம்புகிறேன்.