துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை: கோளாறு குக்கரிலா, பருப்பிலா, தண்ணீரிலா?

மேல்மாடிச்சமையல்:
தாம்பரம் தாண்டிப் புது வீட்டுக்கு வந்திருக்கிறோம். பழைய வீட்டில் மெட்ரோ தண்ணீர், இங்கே முழுக்க போர் தண்ணீர். வந்ததிலிருந்து துவரம்பருப்பு வேகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. ஒரு டம்ளர் பருப்பு, இரண்டரை டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், பெருங்காயம், இரண்டு தக்காளி. எல்லாம் முன்பு போட்ட அதே அளவுதான். 6 விசில் விட்டுத் திறந்தால் பருப்பு அடியில், தண்ணீர் மேலே. மத்தால் கடைந்தாலும் நொய் நொய்யாகவே நிற்கிறது. போதாததற்கு விசில் வழியாக மஞ்சள் நுரை பொங்கி அடுப்பெல்லாம் நாசம்.

மாமியார் "பருப்பு பழசு" என்கிறார். கணவர் "குக்கரை மாத்து" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா "ஒரு சிட்டிகை சோடா உப்பு போடு, வெண்ணெயாக வெந்துவிடும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

நெய்ப்பருப்பு:
ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பாருங்கள். கேஸ்கட்டை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு மாட்டினால் ஆவி கசியாது. எங்கள் வீட்டில் இதுதான்.

கரண்டிக்கணக்கு:
எண்ணெய் நுரையைக் குறைக்கும், பருப்பை வேகவைக்காது. தளர்ந்த கேஸ்கட்டை ஃப்ரீசரில் வைத்தால் ஒரு வேளைக்குத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். புதிது வாங்கிவிடுவது நல்லது.

தோழி, மூன்று விஷயம் சொல்லுங்கள். அதே குக்கரில் சாதம் எப்படி வருகிறது? கொண்டைக்கடலை வேகிறதா? வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா?

மேல்மாடிச்சமையல்:
சாதம் பிரமாதமாக வருகிறது, சில நாள் குழைந்தே போகிறது. கொண்டைக்கடலை ராத்திரி முழுக்க ஊறியும் தோல் ரப்பராக இருக்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், சுண்ணாம்பு அடித்தது போலக் கிடக்கிறது.

கரண்டிக்கணக்கு:
அப்படியானால் குக்கர் பாவம், அதை விட்டுவிடுங்கள். குக்கருக்குள் அழுத்தம் சரியாக ஏறினால் தண்ணீர் 120 டிகிரி அளவுக்குச் சூடாகும். அழுத்தம் பிடிக்கவில்லை என்றால் சாதமும் சொதப்பியிருக்கும்.

எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். பருப்பின் செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது கரைந்தால்தான் பருப்பு மசியும். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடும். அரிசி மென்மையாவது முக்கியமாக அதன் மாவுச்சத்து நீரை இழுத்து வீங்குவதால். அதனால் அதே தண்ணீரில் சாதம் வெந்து, பருப்பு மட்டும் மக்கர் பண்ணும்.

தக்காளியும் கொஞ்சம் கூட்டாளி. புளிப்பு சேர்ந்தால் பெக்டின் கரைவது மந்தமாகும். நல்ல தண்ணீரில் இது பெரிதாகத் தெரியாது. போர் தண்ணீரோடு சேரும்போது இரட்டை அடி.

ஊகத்தில் போக வேண்டாம். மூன்று சின்னக் கிண்ணங்களில் சம அளவு பருப்பு போடுங்கள். ஒன்றில் போர் தண்ணீர், இரண்டாவதில் கேன் தண்ணீர், மூன்றாவதில் கேன் தண்ணீரும் தக்காளியும். மூன்றையும் ஒரே குக்கருக்குள் ஒன்றாக வையுங்கள். முதல் விசில் வந்ததும் சிம்மில் கால் மணி நேரம், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். பருப்பும் ஒன்று, சூடும் ஒன்று, நேரமும் ஒன்று என்பதால் குற்றவாளி தானாக மாட்டுவார்.

பழையசோறு:
உப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். உப்பு போட்டால் பருப்பு வேகாது, இறக்கிய பிறகுதான் போட வேண்டும் என்று எங்கள் பாட்டி காலத்திலிருந்து வழக்கம்.

கரண்டிக்கணக்கு:
வழக்கம் இருக்கிறது, ஆனால் உப்பின் மேல் விழுந்த பழி நியாயமில்லை. உப்பில் இருப்பது சோடியம். அது பெக்டினிலிருந்து கால்சியத்தைக் கொஞ்சம் விலக்கும். கொண்டைக்கடலை, ராஜ்மா வகைகளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் சீக்கிரம் மெத்தென்று ஆகும். கல்லுப்பில் கொஞ்சம் மெக்னீசியம் ஒட்டியிருக்கும் என்றாலும் ஒரு ஸ்பூன் அளவில் அது ஒன்றும் செய்யாது. கடைசியில் போட்டால் அளவு தப்பாது என்பதற்காக வேண்டுமானால் உங்கள் பாட்டி முறையை வைத்துக்கொள்ளலாம்.

மேல்மாடிச்சமையல்:
செய்து பார்த்தேன்! கேன் தண்ணீர்ப் பருப்பு கரண்டி பட்டதுமே கூழ். தக்காளி போட்டது வெந்திருக்கிறது, ஆனால் பருப்பு பருப்பாகத் தெரிகிறது. போர் தண்ணீர்க் கிண்ணம் அப்படியே பழைய கதை. மாமியாரிடம் காட்டியதற்கு "நான்தான் அப்பவே சொன்னேனே, இந்த ஊர்த் தண்ணி சரியில்லன்னு" என்கிறார். சரி, போகட்டும்.

இப்போது அடுத்த கேள்வி. தினமும் கேன் தண்ணீரில் சமைத்தால் கட்டுப்படியாகுமா? சோடா உப்பு போட்டால் என்ன தப்பு?

கரண்டிக்கணக்கு:
எல்லாச் சமையலுக்கும் கேன் வேண்டாம். பருப்பு, பயறு, சுண்டல் இவற்றுக்கு மட்டும் போதும். ஒன்று முக்கியம்: ஊறவைப்பதும் அதே நல்ல தண்ணீரில்தான். போர் தண்ணீரில் ஊறினால் பருப்பு அப்போதே கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு கேன் தண்ணீர் ஊற்றியும் முழுப் பலன் கிடைக்காது. கழுவுவதற்கு மட்டும் போர் தண்ணீர் பரவாயில்லை.

சோடா உப்பு வேலை செய்யும், உங்கள் அக்கா சொன்னது பொய்யில்லை. ஆனால் காரத்தன்மை ஏறினால் பி1 வைட்டமின் அழிந்துவிடும், கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை வரும். தினசரி சாம்பாருக்கு நான் போடமாட்டேன்.

கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிந்ததை மட்டும் இறுத்து எடுப்பதும் ஒரு வழி. உங்கள் பாத்திரத்தில் படிகிற வெள்ளைதான் அந்தச் சுண்ணாம்பு, அது அடியில் தங்கிவிடும். ஆனால் பைகார்பனேட்டாக இருக்கும் கடினத்தன்மைதான் இப்படிப் பிரியும். சல்பேட், குளோரைடாக இருந்தால் எவ்வளவு கொதித்தாலும் போகாது.

போர்க்காரர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால் டிடிஎஸ் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது. 'மொத்தக் கடினத்தன்மை' என்று தனி வரி இருக்கும், அதைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி.

மேல்மாடிச்சமையல்:
நன்றி. நுரை விஷயத்தை யாரும் முழுசாகச் சொல்லவில்லையே?

நெய்ப்பருப்பு:
நான்தான் முதலிலேயே எண்ணெய் என்றேன், யாரும் மதிக்கவில்லை 😄 பருப்பைத் தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். மூடாமல் ஒரு கொதி விட்டு, மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, எண்ணெய் விட்டு மூடுங்கள். பருப்பும் தண்ணீருமாகச் சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஆவி வரத் தொடங்கிய பிறகு வெயிட் போட்டு, முதல் விசிலோடு சிம்முக்கு வந்துவிடுங்கள். பெரிய தீயில் ஆறு விசில் அடித்தால் ஆறும் கடகடவென்று முடிந்துவிடும், பருப்புக்கு வேக நேரமே இருக்காது. அதனால் விசிலை எண்ணாமல் கடிகாரத்தைப் பாருங்கள். சிம்மில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

கரண்டிக்கணக்கு:
இதை அப்படியே வழிமொழிகிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நுரை பொங்கினால் வெயிட் உட்காரும் குழாயில் பருப்புத் தோல் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மூடியைத் தூக்கி, குழாய் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அது அடைபட்டால் சேஃப்டி வால்வுதான் போகும், சமையலறைச் சுவரெல்லாம் சாம்பார்.

அரைப்படி:
எனக்கும் இதே தொல்லை, ஆனால் எங்கள் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர்தான். மொத்தமாக வாங்கிப் போன வருடத்திலிருந்து டப்பாவில் இருக்கும் பருப்பு. தக்காளியும் போடுவதில்லை.

கரண்டிக்கணக்கு:
உங்கள் விஷயத்தில் மேல்மாடி அம்மாவின் மாமியார் சொன்னதுதான் சரி, பருப்பு பழசு. வெக்கையிலும் ஈரக்காற்றிலும் மாதக்கணக்கில் இருந்தால் பருப்புக்குள் இருக்கும் கால்சியமே விடுபட்டுப் பெக்டினை இறுக்கிவிடும். தண்ணீரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. கொஞ்சம் உப்புப் போட்ட வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் ஓரளவு தேறும். அதற்கும் மசியவில்லை என்றால் சாம்பாருக்காகப் போராட வேண்டாம். பாதியை வறுத்துப் பருப்புப்பொடி திரித்துவிடுங்கள், மீதியை அரிசியோடு ஊறவைத்து அடைக்கு அரைத்துவிடுங்கள். அடுத்த முறை ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். கூடுதலாக இருந்தால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், வண்டும் வராது.

அரைப்படி:
ஐந்து கிலோ இருக்கிறது சார். இந்த மாதம் முழுக்க அடைதான் போலிருக்கிறது.