சுவிஸ் மலை ரயில்: குரூப் டூரா, நாமே போவதா?

மேட்டுப்பாளையத்தான்:
அப்பாவுக்கு 70, அம்மாவுக்கு 66. ஜூனில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்து போகலாம் என்று இருக்கிறேன். முழுக்க மலை ரயில்களிலேயே சுற்றும் எட்டு நாள் குரூப் டூர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ், கோர்னர்கிராட் மலை உச்சிக்கு ஏறும் ரயில் மூன்றும் உண்டு, கைடு கூடவே வருவார். ரயில் பாஸ் (சில நாட்களுக்கு நினைத்த ரயிலில் ஏற ஒரே டிக்கெட்) வாங்கி நாமே போனால் ஆகாதா என்கிறான் மச்சான். உங்கள் ஓட்டு யாருக்கு?

ஜன்னலோரம்:
மச்சானுக்குத்தான். பெர்னினா எக்ஸ்பிரஸ் ஓடுகிற அதே தண்டவாளத்தில் சாதாரண ரயிலும் ஓடுகிறது, கூர் ஊரில் ஏறி சென்ட் மோரிட்ஸில் மாறினால் இத்தாலி எல்லை தாண்டி டிரானோ வரை போகலாம். அதே லாண்ட்வாசர் பாலம் (65 மீட்டர் உயரம், பாலம் முடிகிற இடத்திலேயே ரயில் பாறைக்குள் நுழைந்துவிடும்), அதே 2,253 மீட்டர் கணவாய், அதே புருசியோ வட்டப் பாலம். சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் ஏறி உட்கார வேண்டியதுதான். பெர்னினா எக்ஸ்பிரஸ் மாதிரி பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த பனோரமா ரயில் என்றால் பாஸ் இருந்தாலும் சீட் ரிசர்வேஷனுக்குத் தனியாக அழ வேண்டும். அந்தப் பெரிய கண்ணாடி திறக்கவும் திறக்காது, போட்டோவில் பாதி மலை, பாதி எதிர் சீட்டுக்காரர் முகம்.

சரோஜா_கோவை:
தம்பி, எழுபது வயது மனிதரோடும் நான்கு பெட்டிகளோடும் ஆறு நிமிடத்தில் பிளாட்பாரம் மாறிப் பார்த்திருக்கிறீர்களா? நான் மாமியாரோடு டூரில்தான் போனேன். பெட்டிகள் தனி வண்டியில் ஓட்டலுக்குப் போய்விட்டன. கோர்னர்கிராட் அடிவாரத்து ஊரான செர்மாட்டில் பெட்ரோல் கார்களுக்கு அனுமதியே இல்லை, ஸ்டேஷனிலிருந்து எலெக்ட்ரிக் வண்டி, அதையும் கைடே ஏற்பாடு செய்தார். மறுநாள் கிளேசியர் எக்ஸ்பிரஸில் எட்டு மணி நேரம் ஒரே சீட், 291 பாலம், 91 சுரங்கம், சாப்பாடு இடத்துக்கே வந்தது. மாமியார் எழுந்திருக்கவே இல்லை, நான்தான் தூங்கிப் போனேன்.

ஜன்னலோரம்:
தூங்குவதற்கா அவ்வளவு காசு? நானும் ஒருமுறை டூரில் மாட்டியவன்தான் அக்கா. கோர்னர்கிராட்டில் நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். மேட்டர்ஹார்ன் சிகரம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக மேகம். "எல்லாரும் போட்டோ எடுத்தாச்சா" என்று கைடு கீழே இறக்கிவிட்டார், செர்மாட் வந்து சாக்லேட் கடையில் நிற்கும்போது பார்த்தால் மேலே பளிச்சென்று சிகரம்! தனியாகப் போயிருந்தால் காலையில் எழுந்ததும் மலை உச்சியை நேரலையில் காட்டும் கேமராவைப் பார்த்து, மேகம் இருந்தால் போகிற நாளை மாற்றியிருப்பேன். மலை ரயிலில் பாதி வேலை வானிலையுடையது, டூர்க்காரர் கையில் தேதி மட்டும்தான் இருக்கிறது.

சரோஜா_கோவை:
தனியாகப் போனவர்களுக்கு மட்டும் மேகம் ஒதுங்கி வழிவிடுமா?

பல்சக்கரம்:
மேட்டுப்பாளையத்தான் என்று பெயரை வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் விடலாமா. நம்ம ஊட்டி ரயில் ஏறுகிற பல்சக்கரத் தண்டவாள முறை (நடுவில் உள்ள பல் வைத்த தண்டவாளத்தை எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவது) சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட்டுடையது, கோர்னர்கிராட்டிலும் அதே ஆப்ட் முறைதான். குன்னூர் வரை தள்ளிக்கொண்டு போகும் பழைய நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. பெர்னினா பாதையோ பல்சக்கரமே இல்லாமல் நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் ஏறுகிறது. இதையெல்லாம் சொல்கிற கைடு கிடைத்தால் நான் டூருக்கே ஓட்டுப் போடுவேன். எங்களுக்குக் கிடைத்தவர் கழிப்பறை எங்கே என்பதைத் தவிர வாய் திறக்கவில்லை.

இன்னொன்று: செர்மாட் 1,600 மீட்டர், கோர்னர்கிராட் 3,089. அரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதலில் ரயில் ஏறிவிடும், வயதானவர்களுக்கு மூச்சு வாங்கலாம், அப்பாவின் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சுவிஸ் டிராவல் பாஸில் கோர்னர்கிராட் ரயிலுக்குப் பாதிக் கட்டணச் சலுகைதான், இலவசம் இல்லை.

மேட்டுப்பாளையத்தான்:
ஊட்டி ரயில் கதையை அப்பாவிடம் சொன்னேன், கோர்னர்கிராட் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான். சரி, கிளேசியர் மட்டும் ரிசர்வேஷனோடு, மற்றதெல்லாம் சாதாரண ரயில், பெட்டி தூக்க மச்சானையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.

சரோஜா_கோவை:
மச்சானுக்கு யார் டிக்கெட் எடுப்பது? அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு டூர் விலையோடு ஒப்பிடுங்கள்.