புதுப்பிப்பு: கட்டிலுக்கடியில் பதுங்கிய பூனை இப்போது பதில் சொல்கிறது

வீட்டுக்குக் கொண்டுவந்த தெருப்பூனை கட்டிலுக்கடியை விட்டு வெளியே வருவதில்லை, அதன் மனதை உள்ளுணர்வால் அறியப் பழக முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். முடிகிறது!

சிலர் சொன்னபடி தரையில் உட்கார்ந்து, கண்களைப் பாதி மூடி மெதுவாகச் சிமிட்டினேன். கொஞ்ச நாளில் அதுவும் கண்ணைச் சுருக்கிப் பதில் தந்தது. அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இதையே சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். வளர்ப்பவர் மெதுவாகச் சிமிட்டினால் பூனையும் அப்படியே செய்கிறதாம். முன்பின் தெரியாதவர் சிமிட்டிவிட்டுக் கையை நீட்டினாலும், சிமிட்டாதவரை விட அவரிடம் வர அதிகம் முன்வருகிறதாம்.

இப்போது வாலை நிமிர்த்தி வந்தால் வரவேற்பு என்று புரிகிறது. காது பின்னால் மடிந்தால் கையை எடுத்துவிடுகிறேன். உள்ளுணர்வு என்பதில் பெரும்பகுதி இப்படி உற்றுக் கவனித்துப் பழகுவதுதான் என்று நம்புகிறேன். விலங்குகளும் நம்மை அப்படித்தான் படிக்கின்றன. பெர்லினில் விடையைக் குளம்பால் தட்டிக் காட்டிக் கணக்குப் போட்டதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரை, கேள்வி கேட்பவரின் மிகச் சிறிய உடலசைவைப் பார்த்தே குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்று உளவியலாளர் ஆஸ்கர் ப்ஃபுங்ஸ்ட் 1907-இல் காட்டினார்.

அப்புறம், பூனை சாப்பிடாவிட்டால் காரணத்தை உணர முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேரும் ஆபத்து உண்டு. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.