புதுப்பிப்பு: அந்தக் கறுப்பு ட்சுபா இரும்பு இல்லை

என் வாகிசாஷியின் (ஜப்பானியக் குட்டை வாள்) கைக்காப்புத் தகடான ட்சுபா இரும்பா, பிடிக்குள் மறைந்திருக்கும் வாளின் வால் பகுதியில் உள்ள துருவைத் தேய்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

ட்சுபாவில் காந்தம் ஒட்டவில்லை. டோக்கியோவில் வாளுக்கு மெருகிடும் ஒருவர் பார்த்ததுமே ஷாகுடோ என்றார். செம்பில் சில சதவீதம் தங்கம் சேர்த்த கலவை. அதற்கான கரைசலில் கொதிக்கவைத்தால் மேற்பரப்பு காக்கைச் சிறகு போல நீலக் கறுப்பாகிவிடும். தகடு முழுக்க நானாகோ, அதாவது மீன் சினை வேலை. முனை குழிந்த சிற்றுளியால் ஒவ்வொரு மணியாகத் தட்டியது. லென்ஸில் பார்த்தேன், ஒரு மணிகூட வரிசை தப்பவில்லை. வெகுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்புறம் அந்தத் துரு. தேய்க்கவே கூடாதாம்! வாளின் வயதைக் கணிக்க அதுவும் ஒரு சாட்சி. மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினோம், வாலில் வாள் செய்தவரின் கையொப்பம் இல்லை. துருவை அப்படியே விட்டுவிட்டேன்.