டார்ச் லைட் வாங்கிய அனுபவம்: பேட்டரி செல்லை எடை போட்டுப் பாருங்கள்

எங்கள் பக்கம் அப்போது பம்புசெட்டுக்கு மும்முனை கரண்ட் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். பதினொரு மணிக்கு மேல் எழுந்து வரப்பு வழியே கொட்டகைக்குப் போய் மோட்டாரைப் போட வேண்டும். வயலில் எலி, எலியைத் தேடிக் கண்ணாடி விரியன். டார்ச் இல்லாமல் இறங்க முடியாது.

கோயில் திருவிழாக் கடையில் 250 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். அட்டையில் 10,000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று பெரிதாகப் போட்டிருந்தது. முதல் வாரம் தென்னை உச்சி வரை தெரிந்தது. மூன்றாம் மாதம் ஒருநாள் பாதி வரப்பில் இரண்டு தடவை சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. பக்கத்துப் பயிருக்குள் ஏதோ சரசரவென்று போகிறது. மண்வெட்டிக் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே திரும்பினேன். வாசல் வந்த பிறகுதான் கால் நடுங்கியது.

மறுநாள் பிரித்துப் பார்த்தேன். உள்ளே 18650 செல், அதன் மேல் 9,900 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) என்று அச்சு. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் 18650 என்ற எண். அந்த உருவத்துக்குள் நல்ல கம்பெனி செல்லே 3,500 சொச்சம்தான் கொள்ளும். மளிகைக் கடைத் தராசில் வைத்தேன், 27 கிராம். லேப்டாப் பழுது பார்க்கும் தம்பியிடம் இருந்த அசல் செல் 46 கிராம்.

லூமெனும் அப்படித்தான். நம் வீட்டு 9 வாட் எல்இடி பல்பே சுமார் 900 லூமென். கைக்குள் அடங்கும் ஒற்றைச் செல் டார்ச் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தொடர்ந்து எரியுமா? நல்ல செல் முழுச் சார்ஜில் 1,000 லூமெனை ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கும். வரப்பில் நடக்க 200 லூமென் தாராளம்.

இப்போது வைத்திருப்பது 900 ரூபாய். செல்லைக் கழற்றி மாற்றலாம், அதற்காகவே வாங்கினேன். அட்டையில் எஃப்எல்1 என்ற டார்ச் தர அளவுப்படி லூமென், தூரம், நேரம் மூன்றும் இருந்தன. அந்த நேரக் கணக்கு வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அணைக்கப் போனால் பளிச் பளிச்சென்று மின்னும் மோடு நடுவில் வருகிற லைட்டைத் தொடவே வேண்டாம். ஈரக் கையோடு நிற்கும்போது எரிச்சலாக வரும்.

*

அண்ணே, படிக்கும்போதே பதறிவிட்டது. என் அனுபவம் வெள்ளியங்கிரியில். ராத்திரி ஏற்றம், ஒரு கையில் மூங்கில் தடி, மறு கையில் டார்ச். வழுக்கினால் பிடிக்கக் கையே இல்லை. அடுத்த வருஷம் தலையில் மாட்டும் லைட் வாங்கினேன், 600 ரூபாய். ஏழாவது மலைப் பக்கம் பனிமூட்டம் இறங்கியதும் அதுவும் கைகொடுக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டினது போல ஆகிவிட்டது. கூட வந்த பெரியவர் ஒருவர், "கழற்றி இடுப்பில கட்டுப்பா" என்றார். கட்டினேன், படி தெரிந்தது. வெளிச்சம் கண்ணோரமிருந்து கிளம்பினால் பனியில் பட்டு நேரே கண்ணுக்கே திரும்புகிறது. இடுப்பிலிருந்து அடித்தால் அந்தத் தொல்லை குறைகிறது. பட்டையை இடுப்பு அளவுக்கு நீட்ட முடிகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள்.

*

நான் ஒரு டார்ச்சை, சார்ஜ் போட டைப் சி ஓட்டை இருக்கிறது என்று நம்பி வாங்கினேன். போன் சார்ஜரின் இரு பக்கமும் சி உள்ள ஒயரில் ஏறவே இல்லை. கடைக்குத் திருப்பி எடுத்துப் போனால், அவர் பழைய தட்டை முனை ஒயரைச் செருகிக் காட்டினார், ஏறியது. உள்ளே வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். வெளியூர் போகும்போது அந்த ஒயரையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, லேப்டாப் செல்லை அப்படியே டார்ச்சில் போட்டுவிடாதீர்கள். அதில் பாதுகாப்புச் சர்க்யூட் இருக்காது.